நின்ற வண்டி நகர்ந்ததாகச் சொன்ன ஜிபிஎஸ்

கம்ப்யூட்டர் வாங்கியதும் நம்மில் பலர் மேப்பைத் திறந்து நம் வீடு எங்கே என்று தேடியிருப்போம். செல்போனில் நீலப் புள்ளி சரியாக நம் வாசலில் வந்து நின்றால் ஒரு சந்தோஷம். அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று இந்த மாதம் பார்ப்போம்.

மறைமலை நகரில் வண்டிகளைக் கண்காணிக்கும் சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. 2024 மார்ச் மாதம், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேனின் டிரைவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இரவு 8 மணிக்கு வேனைச் சொந்த வேலைக்கு எடுத்துப் போனதாக முதலாளி 2 நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டாராம். ஆதாரம், எங்கள் சாப்ட்வேர் அனுப்பிய எஸ்.எம்.எஸ்.! "வண்டி அசையவே இல்ல சார். சாவி என் பையிலதான் இருந்துச்சு" என்றார்.

லாக் பைலைத் திறந்தேன். இன்ஜின் ஆஃப். ஆனால் இடம் மட்டும் 60 மீட்டர் தள்ளி, காம்பவுண்டைத் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தது. அந்த நேரத்தில் ரிசீவருக்குக் கிடைத்த சாட்டிலைட்டுகள் 11-லிருந்து 5 ஆகக் குறைந்திருந்தன.

பக்கத்துத் தகரக் கொட்டகையில் சிக்னல் பட்டுத் திரும்பியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக வானில் அதே இடத்துக்கு வந்துவிடும். கொட்டகை காரணம் என்றால் மறுநாளும் தவறு வர வேண்டும். வரவில்லை. மூன்று நாள் கழித்து வந்தது. அதுவும் இருட்டிய பிறகு, திறந்த மைதானத்தில் நின்ற இன்னொரு வேனுக்கும் சேர்த்து.

ஜிபிஎஸ் சாட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் ரிசீவர் தூரத்தைக் கணக்கிடும். ஒரு கோடியில் ஒரு பங்கு நொடி தாமதமானாலே தூரம் 30 மீட்டர் பிசகும். வழியில் அயனோஸ்பியர் என்ற மின்னேற்றம் பெற்ற அடுக்கு இருக்கிறது. சூரிய ஒளியால் உண்டாகும் இதன் எலக்ட்ரான்கள் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன.

இதில் நம் ஊருக்குத் தனி விசேஷம். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும் இதுவே காரணம். பகலில் இந்தக் கோட்டின் மேல் எலக்ட்ரான்கள் நீரூற்றுப் போல உயரே எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் போய் விழுகின்றன. சூரியன் மறைந்ததும் அடுக்கின் அடிப்பகுதி சீக்கிரம் மெலிந்துவிடும். எண்ணெய் மேல் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் குமிழ் குமிழாக மேலே கிளம்புகிறதல்லவா? அதுபோல மெலிந்த பகுதி குமிழ்களாக மேலேறும். அதற்குள் நுழையும் சிக்னல் நட்சத்திரம் போல மினுக்கும். ரிசீவர் அதைத் தவற விட்டுவிடும். இருட்டியதிலிருந்து நள்ளிரவு வரை, அதிலும் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது அதிகம். 11 ஆண்டுக்கு ஒருமுறை வரும் சூரியனின் உச்ச காலத்தில் இன்னும் அதிகம். 2024 அப்படிப்பட்ட ஆண்டு.

தாமதத்துக்கு மருந்து உண்டு. ஜிபிஎஸ் தானே அனுப்பும் திருத்தக் கணக்கு, பிழையில் பாதியைப் போக்கும். விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் அமைத்த ககன் இன்னும் நுட்பமாகத் திருத்தும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் போன், எல்5 சுமார் 1.8 மடங்கு தாமதிப்பதை வைத்துத் தாமதத்தைத் தானே அளந்துவிட முடியும். ஆனால் சிக்னலே அறுந்து போனால் எந்தத் திருத்தமும் உதவாது!

நீங்களும் சோதிக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஜிபிஎஸ் டெஸ்ட் என்ற இலவச அப்ளிகேஷனை நிறுவி, மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னல் அளவும் அலைவரிசையும் தெரியும். பிறகு, பாதையை ஜிபிஎக்ஸ் பைலாகப் பதியும் ஏதேனும் ஒரு அப்ளிகேஷனில், போனை அசைக்காமல் விடியற்காலை ஒரு மணி நேரம், இரவு 8 மணிக்கு ஒரு மணி நேரம் பதியவும். யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கூகுள் எர்த் புரோவில் பைல், ஓப்பன் கிளிக் செய்து இரண்டையும் திறக்கவும். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். குமிழ் தினமும் வராது.

லாக் பைலை பிரிண்ட் எடுத்து டிரைவரிடம் கொடுத்தேன். பிடித்த சம்பளம் அடுத்த மாதம் வந்துவிட்டதாகச் சொன்னார். இன்ஜின் ஆஃபில் இருந்து, சாட்டிலைட் எண்ணிக்கையும் திடீரென்று விழுந்தால், எங்கள் சாப்ட்வேர் இப்போது எஸ்.எம்.எஸ். அனுப்புவதில்லை. ஆறே வரி புரோகிராம்தான். முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது.