நிதியும் தொண்டும்: டாக்டர் ஜி. ராமச்சந்திரன்

பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கும். 1956-இல் விளவங்கோடு வரையுள்ள தென்பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இதனை எல்லைத் தகராறாக மட்டுமே எண்ணும் நம்மவர், அவ்வூர் தமிழகத்திற்கு அளித்த ஒருவரை மறந்துவிடுகின்றனர் என்பது என் கருத்து.

1904-இல் பிறந்த ஜி. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்றவர், காந்தியடிகளின் தொண்டர். அவர் மணந்த டாக்டர் சௌந்தரம், தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளார். 1947-இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியருகே இருவரும் காந்திகிராமத்தை நிறுவினர்.

அவர் திருவிதாங்கூரில் சிறிது காலம் அமைச்சர். காந்தி நினைவு நிதியின் செயலாளர். 1964 முதல் 1970 வரை மாநிலங்களவை உறுப்பினர். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தலைவர். இப்பணிகள் ஒன்றுக்கொன்று துணையானவை. அமைச்சருக்குச் சட்டத்தின் வலிமையும் அதன் எல்லையும் தெரியும். கதர்த் துறையில் இருப்பவர் பஞ்சின் விலை, நூற்பவர் கூலி, விற்பனை ஆகிய மூன்றையும் பொருத்தியாக வேண்டும். வெறும் இரக்கம் அங்கே போதாது. நினைவு நிதியோ பொதுமக்கள் தந்த பணம். பைசாவுக்கும் கணக்கு வேண்டும்.

நன்கொடை தீர்ந்துவிடும், பயிற்சி பெற்ற மனிதர் தீர்வதில்லை. காந்திகிராமம் மருத்துவமனையும் கல்விக்கூடங்களுமாக வளர்ந்தது. 1976-இல் அதன் கிராமியக் கல்வி நிலையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. முதுமையில் நெய்யாற்றின்கரைக்குத் திரும்பிய அவர், அங்கும் மாதவி மந்திரம் என்னும் தொண்டகத்தை அமைத்து, 1995-இல் மறைந்தார்.

அறிவியல் பயிலும் நண்பர்களே! அறக்கட்டளைத் தலைவரை அவர் திரட்டிய தொகையைக் கொண்டு அளக்காதீர். அவர் விலகிய பின்னும் நடக்கும் வேலையைக் கொண்டு அளப்பீர்.