முதலில் அளவு, பிறகு பண்டம்

ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தால் புத்தகம் முதலில் தருவது ஒரு நீண்ட பட்டியல்: ஆப்பிள் மன்சானா, ரொட்டி பான், பால் லெச்சே. ஸ்பெயினில் பார் பாராக ஏறி இறங்கிச் சாப்பிட்டுப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியல் கொஞ்சம் காத்திருக்கட்டும். பண்டங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் தெரிகின்றன. விரலை நீட்டினால் வேலை முடிந்தது. எவ்வளவு, எப்போது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை விரலால் கேட்க முடியாது. அந்தச் சொற்களை முதலில் பிடியுங்கள். (பார் என்றதும் தயங்க வேண்டாம். அங்கே பாட்டியும் பேரனும் காலையில் டோஸ்ட் சாப்பிடுவதும் பாரில்தான்.)

அளவுக்கு மூன்று சொல் போதும். தாப்பா என்றால் சின்னத் தட்டு. ராசியோன் என்றால் நாலைந்து பேர் நடுவில் வைத்துப் பகிரும் பெரிய தட்டு. மேதியா ராசியோன் அதில் பாதி. இரண்டு பேருக்கு நிறைவாக இருக்கும். கிரனாடாவில் ஏதாவது பானம் வாங்கினால் தாப்பா இலவசமாகவே வரும். சான் செபஸ்தியானில் குச்சி குத்திய பின்ச்சோக்கள் வரிசையாகக் காத்திருக்கும். காஞா என்பது சின்னக் கிளாஸ் பீர். குடிக்காதவர்கள் மோஸ்தோ கேட்கலாம், திராட்சைச் சாறு. குழாய்த் தண்ணீருக்கு அகுவா தெல் கிரிஃபோ. 2022-ல் வந்த சட்டப்படி உணவகங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும், கூச்சமில்லாமல் கேளுங்கள்.

கேட்கும் விதத்துக்கு ஒரே வாக்கியம்: "மே போனெஸ்...?" எனக்கு ஒன்று வைக்கிறீர்களா என்று பொருள். புத்தகத்தில் வரும் "கிசியேரா" ('வேண்டும் என விரும்புகிறேன்') தப்பில்லை, ஆனால் பார் முகப்பில் அது ரொம்ப விறைப்பாக ஒலிக்கும். பரிமாறுபவர் பரபரப்பாக இருந்தால் "குவாந்தோ புவேதாஸ்" சேர்த்துக்கொள்ளுங்கள், 'முடிகிறபோது' என்று அர்த்தம். முகம் உடனே மலரும்.

காபியில் மாலகா ஊரை யாரும் மிஞ்ச முடியாது. அங்கே கஃபே சென்ட்ரால் என்ற கடை 2022 தொடக்கத்தில் மூடப்படும்வரை, அதன் சுவரில் ஓடுகளால் ஆன ஓவியம் பத்துக் கிளாஸ்களை வரிசையாகக் காட்டியது. முதல் கிளாஸ் நிறையக் கறுப்பு. பிறகு கறுப்பு இறங்கி, பால் ஏறும். மித்தாத் என்றால் பாதிக்குப் பாதி. சோம்ப்ரா, அதாவது நிழல், பால் தூக்கல். நூபே, அதாவது மேகம், பாலில் காபி வாசனை மட்டும். கடைசிக் கிளாஸ் காலி. அதன் பெயர் 'எனக்கு வைக்காதீர்கள்'. டிகாஷனை அளந்து கேட்டுப் பழகிய நமக்கு இந்த வரிசை ஒரே நாளில் மனதில் உட்காரும். மற்ற ஊர்களில் சோலோ (பால் இல்லாதது), கோர்த்தாதோ (கொஞ்சம் பால்), கோன் லெச்சே (பால் சேர்த்தது) என்ற மூன்றோடு சமாளிக்கலாம்.

சைவர்களுக்கு உயிரான சொல் "யேவா". '¿யேவா ஹமோன்?' என்றால் இதில் பன்றித்தொடைக்கறி உண்டா என்று கேள்வி. 'கார்னே (இறைச்சி) வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே பலருக்கு ஹமோனும் சூரை மீனும் கார்னே கணக்கில் சேர்வதில்லை. கலவைச் சாலட்டின் மேலேயே மீன் வந்து உட்காரும். பருப்புக் குழம்பிலும் சொரீசோ என்ற பன்றி இறைச்சி சாசேஜ் துண்டு கிடக்கலாம். கொர்தோபாவின் சல்மோரெஹோ தக்காளிதான், ஆனால் மேலே ஹமோனும் முட்டையும் தூவுவார்கள். செவில்லாவின் கீரை-கொண்டைக்கடலை, தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், உருளைக்கிழங்கு தோர்த்தியா (இதில் முட்டை உண்டு) ஆகியவற்றை நம்பித் தேடலாம். எதற்கும் 'யேவா' கேட்டுவிடுங்கள்.

நேரத்தையும் சொல்லோடு சேர்த்தே படியுங்கள். கொமீதா என்ற மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். சேனா என்ற இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். இடையில் பல சமையலறைகள் அடைத்திருக்கும், ஆறு மணிப் பசிக்கு மெரியெந்தா என்ற சிற்றுண்டிதான். வார நாள் மதியத்தில் மெனு தெல் தியா கேளுங்கள். 1960-களில் அரசு சுற்றுலாப் பயணிகளுக்காகக் கொண்டுவந்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது அது. ப்ரிமேரோ, செகுந்தோ என இரண்டு தட்டு, ரொட்டி, பெரும்பாலும் ஒரு பானம், இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. கடன்பட்டுப் போகாமல் வயிறு நிறைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பில் தானாக வராது. சாப்பிட்ட பின் உட்கார்ந்து பேசுவதற்கே சோப்ரெமேசா என்று பெயர் உண்டு. நடுவில் பில்லை நீட்டுவது அங்கே அநாகரிகம். கிளம்பும்போது "லா குவெந்தா, குவாந்தோ புவேதாஸ்" என்று சொல்லுங்கள், வந்துவிடும்.