டிங்கிக்கு ஊசி உண்டா? – ஓர் ஆய்வுப் பார்வை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் நம் பெரியோர். எனக்கு அவை இரண்டும் சேர்ந்தே வந்தன. படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் டிங்கிக் காய்ச்சலில் ஐந்து நாள் மருத்துவமனையில் படுத்துவிட்டேன். அந்த ஐந்து நாளும் என் வீட்டார் வாயில் ஒரே சொல்தான்: பிளேட்லெட். காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் கணக்குப் போகும். ஓர் அத்தை பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்தார். இன்னோர் அத்தை நண்டு சூப் வைத்து அனுப்பினார். இரண்டையும் குடித்தேன். எது கசந்தது என்று கேட்காதீர்கள்.

கடந்த விடுமுறையில் பாயான் லெப்பாஸிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிய அன்று கீழ்த்தளத்தில் புகை மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் புளோக்கில் இருவருக்கு டிங்கியாம். அன்றிரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார்.

“டிங்கிக்கு ஊசி வந்திருக்காமே, கிளினிக்குல எழுதி ஒட்டியிருக்காங்க. தம்பிக்குப் போட்டுடலாமா? நீதான் சயன்ஸ் படிக்கிறியே, சொல்லு.”

தம்பிக்குப் பதினொரு வயது. அவனுக்கு இதுவரை டிங்கி வந்ததாக எங்களுக்குத் தெரியாது. “போட்டுடலாம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்ததை விரிவுரையில் அரைகுறையாகக் கேட்டிருந்ததே காரணம். அதை முழுதாகப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று தவணை வாங்கினேன். இக்கட்டுரை அந்தத் தவணையில் படித்தது.

பினாங்கும் டிங்கியும்

டிங்கியின் மலேசிய வரலாறு நம் தீவில்தான் தொடங்குகிறது. இந்நாட்டில் இக்காய்ச்சலைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவு, ஸ்கே என்ற மருத்துவர் 1902இல் பினாங்கைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையாகும். அறுபது ஆண்டுகள் கழித்து, 1962இல், இரத்தக்கசிவோடு கூடிய கடுமையான டிங்கியும் இந்நாட்டில் முதன்முதலாகப் பினாங்கிலேயே கண்டறியப்பட்டது. அதை ஆராய்ந்த ஆல்பர்ட் ருட்னிக் குழுவினரின் கட்டுரை 1965இல் வெளிவந்தது. அதன் பின் நோய் நாடெங்கும் பரவியது. 2015இல் மட்டும் 336 பேர் இறந்தனர். 2019இல் 130,101 பேர் நோயுற்றனர். 182 பேர் இறந்தனர்.

இவ்வளவு பழைய நோய்க்கு ஏன் இத்தனை காலம் ஊசி இல்லை? தட்டம்மைக்கும் போலியோவுக்கும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களே!

நான்கு பேர் கொண்ட குடும்பம்

டிங்கி வைரஸ் ஒன்றல்ல, நான்கு வகை. நான்கும் மலேசியாவில் உலவுகின்றன. ஒரு வகை தாக்கிக் குணமானவருக்கு அந்த வகையிலிருந்து நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கிறது. மற்ற மூன்றிடமிருந்து சில மாதங்களுக்குத்தான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. முதல் தாக்குதலின்போது உடல் செய்து வைத்த எதிர்ப்பொருள், வேறு வகை வைரஸ் வரும்போது அதன்மீது ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதை முடக்கப் போதவில்லை. ஒட்டிய நிலையிலேயே வைரஸை வெள்ளையணுவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. திருடனைப் பிடித்த காவல்காரரே விலங்கு மாட்டாமல் அவனை வீட்டுக்குள் அழைத்து வந்த கதைதான். இதனால்தான் பெரும்பாலும் இரண்டாவது முறை வரும் டிங்கி முதலாவதைவிடக் கொடியதாக இருக்கிறது. 1960களில் பேங்காக்கில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் இதை வலியுறுத்தினார். பலர் ஏற்கவில்லை. கியூபாவில் 1977இல் முதல் வகையும் 1981இல் இரண்டாம் வகையும் பரவின. இரண்டாவது அலையில்தான் கடுமையான நோயும் மரணங்களும் குவிந்தன.

ஆகவே, டிங்கி ஊசி நான்கு வகைக்கும் எதிராக ஏறக்குறைய சமமாக வேலை செய்ய வேண்டும். ஒன்றிரண்டுக்கு மட்டும் வேலை செய்யும் ஊசி, கொசு செய்ய வேண்டிய முதல் வேலையைத் தானே செய்து முடித்துவிடக்கூடும். ஹால்ஸ்டெட் அஞ்சியதும் இதைத்தான்.

பத்தாயிரம் பிள்ளைகள்

சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்ஸியா என்ற ஊசியின் ஆசிய ஆய்வு 2011இல் தொடங்கியது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளில் 2 முதல் 14 வயது வரையிலான 10,275 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். மலேசியாவில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆய்வு நடந்தது. 2014இல் லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் பினாங்கு மருத்துவமனைக் குழந்தை மருத்துவர் ரேவதி நல்லுசாமியின் பெயரைக் கண்டபோது எனக்குள் ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

ஆய்வின் அமைப்பு எளிது. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு உண்மை ஊசி, ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆறு மாத இடைவெளியில் மூன்று ஊசிகள் போடப்பட்டன. பிறகு எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இரத்தம் எடுத்து டிங்கியா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஊசிக்கு 28 நாள்களுக்குப் பிறகு உறுதியான நோயாளிகள் 250 பேர். ஊசி பெற்றவர்களில் 117, பெறாதவர்களில் 133. இரண்டும் கிட்டத்தட்டச் சமம்தானே என்று தோன்றும். ஆனால் ஊசி பெற்றவர்கள் இரண்டு மடங்கு. ஊசியால் பயனே இல்லையென்றால் அவர்களில் 266 பேர் நோயுற்றிருக்க வேண்டும். 266க்குப் பதில் 117. பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஆய்வாளர்கள் நுணுக்கமாகக் கணக்கிட்டுச் சொன்ன அளவு 56.5 விழுக்காடு. ‘ஊசி இத்தனை விழுக்காடு வேலை செய்கிறது’ என்று நாளிதழில் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். வகைவாரியாகப் பிரித்தால் மூன்றாம், நான்காம் வகைகளுக்கு எதிராக 75 விழுக்காட்டுக்கு மேல். இரண்டாம் வகைக்கு எதிராக 35 மட்டுமே. ஹால்ஸ்டெட் கவலைப்பட்ட ஏற்றத்தாழ்வு கண்ணெதிரே நின்றது.

மூன்றாம் ஆண்டு

இந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது அதன் வெற்றியை அல்ல. முடிவு வெளியான பிறகும் பிள்ளைகளைக் கண்காணிப்பதை நிறுத்தவில்லையே, அதைத்தான். மூன்றாம் ஆண்டில் ஒன்று தெரிந்தது. 2 முதல் 5 வயதில் ஊசி போட்ட பிள்ளைகள், போடாதவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்திருந்தனர். எண்ணிக்கை சிறியதுதான். இருந்தும் அதை மூடி மறைக்காமல் 2015இல் வெளியிட்டார்கள். சிறு வயதுதான் காரணம் என்று முதலில் கருதப்பட்டதால் ஒன்பது வயதுக்கு மேல் ஊசிக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் வயது வெறும் மேல்போர்வையாக இருந்தால்? சின்னப் பிள்ளைகளில் பலரை டிங்கிக் கொசு இன்னும் கடித்திருக்காது. உண்மையான வேறுபாடு ‘முன்பு டிங்கி வந்ததா, இல்லையா’ என்பதாக இருக்கலாமல்லவா? இதற்கு விடை காண ஊசிக்கு முந்தைய இரத்தம் வேண்டும். அது ஒரு சிறு பகுதிப் பிள்ளைகளிடமிருந்துதான் எடுக்கப்பட்டிருந்தது. ஊசிக்குப் பிந்தைய இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தாலோ, அது கொசு தந்ததா ஊசி தந்ததா என்று பிரிக்க முடியாது.

இங்கேதான் ஓர் அழகான வழி கிடைத்தது. டெங்வாக்ஸியா மஞ்சள் காய்ச்சல் ஊசியின் எலும்புக்கூட்டின்மீது டிங்கியின் சட்டையைப் போர்த்திச் செய்யப்பட்டது. அதனால் அதன் உள்ளே இருக்கும் என்.எஸ்.1 என்ற புரதம் டிங்கியுடையதன்று, மஞ்சள் காய்ச்சலுடையது. அப்படியானால் ஒரு பிள்ளையின் இரத்தத்தில் டிங்கி என்.எஸ்.1க்கு எதிரான பொருள் இருந்தால் அது கொசு தந்ததாகவே இருக்க வேண்டும்! பதின்மூன்றாம் மாதம் எடுத்துச் சேமித்த இரத்த மாதிரிகளை எடுத்து இப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். முன்பு டிங்கி வந்திருந்த 9 முதல் 16 வயதினரில் ஐந்தாண்டுகளில் டிங்கியால் மருத்துவமனை சென்றவர்கள் ஊசி போட்டவர்களில் 0.38 விழுக்காடு, போடாதவர்களில் 1.88. அவர்களுக்கு அது நல்ல ஊசி. முன்பு டிங்கியே வராத 2 முதல் 16 வயதினரில் ஊசி போட்டவர்கள் 3.06, போடாதவர்கள் 1.87. அவர்களுக்கு அது கெடுதல் செய்தது.

இந்த உண்மையை நிறுவனம் 29 நவம்பர் 2017 அன்று அறிவித்தது. அதற்குள் பிலிப்பைன்ஸ் அரசு 2016 ஏப்ரல் முதல் பள்ளிகளில் எட்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தது. முன்னதாக யாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யவில்லை. தாய்மார்கள் கொதித்தெழுந்தனர். 2019இல் ஊசியின் உரிமம் இரத்தானது. அதைவிடப் பெரிய இழப்பு வேறு. தடுப்பூசி முக்கியமென்று உறுதியாக ஒப்புக்கொண்டோர் அந்நாட்டில் 2015இல் 93 விழுக்காடு, 2018இல் 32. அடுத்த ஆண்டே அங்கே தட்டம்மை பெருமளவில் பரவியது.

கிளினிக்கில் ஒட்டியிருந்த ஊசி

அம்மா பார்த்த விளம்பரம் டெங்வாக்ஸியா அல்ல. தக்கேடா நிறுவனத்தின் கியூடெங்கா. இது இரண்டாம் வகை டிங்கி வைரஸையே எலும்புக்கூடாகக் கொண்டது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். இலங்கை, தாய்லாந்து, பிரேசில் உட்பட எட்டு நாடுகளில் 4 முதல் 16 வயது வரையிலான இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆய்வு நடந்தது. முந்தைய ஆய்வின் பாடம் இதில் தெரிகிறது: ஊசிக்கு முன்பே எல்லாப் பிள்ளைகளின் இரத்தத்தையும் எடுத்து வைத்துவிட்டார்கள். கால் பங்குக்குச் சற்று மேற்பட்டோர் டிங்கியே வராதவர்கள்.

முதல் ஆண்டில் பலன் 80.2 விழுக்காடு. நான்கரை ஆண்டு முடிவில் அது 61.2ஆகக் குறைந்தது. மருத்துவமனையில் சேர்வதைத் தடுப்பதில் 84.1 விழுக்காடு. முன்பு டிங்கி வராத பிள்ளைகளை முதல், இரண்டாம் வகைகளிலிருந்து காத்தது. மூன்றாம் வகையிலிருந்து காத்ததாகத் தெரியவில்லை. நான்காம் வகைக்கு முடிவு சொல்லும் அளவுக்கு நோயாளிகள் இல்லை. இதையெல்லாம் எடைபோட்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, நோய் மிகுந்த இடங்களில் 6 முதல் 16 வயதினருக்குப் போடலாம் என்று 2023இல் பரிந்துரைத்தது. மலேசியா 2024இல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. பிரேசிலின் புத்தாந்தான் நிலையம் உருவாக்கிய ஒரே தவணை ஊசி 2025 நவம்பரில் அந்நாட்டில் அனுமதி பெற்றது. அதன் உறவுக்காரரான ஓர் ஊசியை இந்தியா 2024 முதல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சோதித்து வருகிறது.

“அப்போ மருந்து?”

இவ்வளவையும் சொன்ன பிறகு அம்மா கேட்டது இது. ஊசி இவ்வளவு சிக்கலென்றால், வந்த பிறகு குணமாக்க மருந்தாவது உண்டா?

வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் செல்கோசிவிர் என்ற மருந்தைச் சோதித்தார்கள். ஆபத்தில்லை, ஆனால் காய்ச்சலும் குறையவில்லை, வைரஸும் குறையவில்லை என்று 2014இல் எழுதினார்கள். நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது வைரஸின் ஆட்டம் பாதி முடிந்திருக்கிறது என்பது பெரிய இடையூறு.

பப்பாளி இலை? சிரிக்காதீர்கள், அதையும் ஆய்ந்திருக்கிறார்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு மூன்று நாள் இலைச்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். சுபேந்திரன் குழுவினரின் அக்கட்டுரை 2013இல் வந்தது. சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் விரைவாக ஏறியது உண்மை. அத்தை வென்றுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் பிளேட்லெட் ஏறுவதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐந்து மருத்துவமனைகளில் பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிய 372 பேரிடம் இன்னோர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் பிளேட்லெட்டையே ஏற்றினார்கள். 2017இல் வெளியான முடிவு: இரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசிவது. அதுவும் காய்ச்சல் விடும் நேரத்தில், ‘பிள்ளை தேறிவிட்டது’ என்று வீட்டார் மூச்சு விடும்போது. அப்போது தேவைப்படுவது அளவறிந்து ஏற்றப்படும் நீர்மம். அந்த ஐந்து நாளும் தாதியர் மணிக்கொரு முறை என் நாடியைப் பிடித்துப் பார்த்தது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. நாங்களோ பிளேட்லெட்டையே எண்ணிக்கொண்டிருந்தோம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “அந்த மூணாம் வகை விஷயத்தை இன்னும் பார்த்துக்கிட்டுதானே இருக்காங்க?” ஆம் என்றேன். மறுநாள் மூவரும் கிளினிக்குக்குப் போனோம். அம்மா அதே கேள்வியை டாக்டரிடமும் கேட்டார். டாக்டர் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டு, தெரிந்தது இது, தெரியாதது இது என்று பத்து நிமிடம் பிரித்துச் சொன்னார். தம்பி அழவில்லை. இரண்டாவது ஊசிக்கான தேதியைச் சமையலறை நாட்காட்டியில் அம்மா சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்.