பழைய மோட்டார் சைக்கிள்: திருத்துவதா, விடுவதா?

கற்பிட்டி, உடப்பு, புத்தளம் உப்பளப் பக்கம் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சினைவிடச் சேசிஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உப்புக்காற்று உள்ளிருந்தே அரிக்கும். சீற்றைக் கழற்றி, பின் ஃபோர்க் பூட்டும் இடத்தையும் எஞ்சினைத் தாங்கும் கீழ்க் குழாயையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மேல் கறள் என்றால் சுரண்டிப் பெயின்ற் அடிக்கலாம். முனை உள்ளே இறங்கினால் செலவழிக்காதீர்கள். அரித்துப்போன குழாயின்மேல் வெல்டிங் வைத்து ஓடுவது உயிருக்கு ஆபத்து.

சேசிஸ் திடமா? அப்படியானால் புகைக்கும் எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். பிஸ்டன், ரிங் மாற்றிச் சரிசெய்யலாம். ஹொண்டா சிடி 125 போன்றவற்றுக்குப் பாகம் கிடைக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின், சேசிஸ் இலக்கங்கள் வண்டியோடு பொருந்தாவிட்டால் கராஜ் பக்கமே போகாதீர்கள்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் மதிப்பு கூடியது. ஆனாலும் திருத்தச் செலவு, அதே ரக நல்ல வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடுவதே மேல் என்பேன்.

திருத்திய வண்டியை உவர்க் கிணற்றுநீரில் கழுவாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகே மூடுங்கள்.