லண்டனுக்கு ஒரு கதவு, ரொட்டர்டாமுக்கு இன்னொன்று

கம்பளை, உலப்பனை, நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி அனுப்பும் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். இப்போது புதிதாக இறங்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது, "அரசாங்கத்திடம் என்ன கிடைக்கும்?" என்றுதான். அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதையும் சேர்த்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. லண்டனையும் ஐரோப்பாவையும் ஒரே சந்தை என்று எண்ணாதீர்கள். பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அந்த வருடம் முடியும்வரை பழைய நடைமுறையே இருந்தது. 2021 பிறந்ததும் கதவு இரண்டாகிவிட்டது. நான் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வருடத் தொடக்கத்தில் இயற்கை விவசாயச் சான்று பெற்ற மிளகு 300 கிலோவை லண்டனுக்கு அனுப்பினேன். ஐரோப்பாவின் ‘ட்ரேசஸ்’ கணினி முறையில் பதிந்த பரிசோதனைச் சான்றிதழ் கையில் இருந்தது. அதுவரை செல்லுபடியான காகிதம். பிரித்தானியா தனக்கென்று வேறு சான்றிதழ் வைத்துவிட்டதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. சரக்கு சாதாரண மிளகு விலைக்குப் போனது. வருடக்கணக்கில் இரசாயன உரம் போடாமல் காத்த விவசாயிகளுக்கு நான் சொன்ன விலையை என் கையிலிருந்து கொடுத்தேன். ஆகவே வாங்குபவரிடம் விலை பேசும் முன், சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கும், எந்த நாட்டுச் சான்று வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. வரிச்சலுகையை நம்பி விலை போடாதீர்கள். ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010 ஓகஸ்டில் நம் நாட்டிடமிருந்து பறிபோனது. மனித உரிமை உடன்படிக்கைகளை நாடு நிறைவேற்றவில்லை என்பது காரணம். 2017 மே மாதம்தான் திரும்பி வந்தது. அந்த ஏழு வருடத்தில் கம்பளையில் மிளகு காயவைத்தவர் செய்த தவறு ஒன்றுமில்லை. பிரித்தானியா 2023 ஜூன் 19இல் வளர்முக நாடுகளுக்கான சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது, நாமும் அதில் இருக்கிறோம். அதுவும் அவர்கள் தருவதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழு மிளகுக்கு ஐரோப்பாவில் எந்த நாட்டுக்குமே வரி இல்லை. இடித்த மிளகுக்கு 4 வீதம், கராம்புக்கு 8 வீதம். சாக்கில் மிளகை அப்படியே அனுப்புகிறவருக்குச் சலுகையால் ஒரு சதமும் மிச்சமில்லை. மிளகை இடித்து, பொதி செய்து அனுப்புகிறவருக்கும் கராம்பு அனுப்புகிறவருக்குமே அது உதவி. சலுகை போய்விட்டது என்று பத்திரிகையில் கண்டு பதறும் முன், உங்கள் சரக்குக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

3. காயவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லா அறிவுரையிலும் இதையே மேலாகச் சொல்வேன். மிளகின் ஈரம் 12 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. நம் ஊர் மழையில் படங்கு விரித்து வெயிலுக்குக் காத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தோடு அஃப்லடொக்சின் என்ற நஞ்சு வரும். ஐரோப்பா அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு பி1 வகை 5 மைக்ரோகிராம், மொத்தம் 10 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் சரக்கு முழுவதையும் திருப்பிவிடும். பறித்த மிளகை ஒரு நிமிடம் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்தால் நிறம் ஒரே சீராகக் கறுக்கும், சீக்கிரம் காயும். காய்ந்த மிளகை ஒரு லீட்டர் அளந்து எடை பாருங்கள். 550 கிராம் நின்றால் விலையைத் துணிந்து பேசலாம்.

உலர்த்தும் இயந்திரத்துக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் செலவில் ஒரு பகுதியைத் தரும். 1972இலிருந்து இருக்கும் திணைக்களம், தலைமையகம் பேராதனை கெட்டம்பேயில், நமக்குப் பஸ் ஏறினால் போதும். முதலில் விரிவாக்க உத்தியோகத்தரைத் தோட்டத்துக்கு அழைத்துக் காட்டுங்கள். ஒப்புதல் வருமுன் இயந்திரம் வாங்கிவிட்டு, பிறகு பற்றுச்சீட்டோடு போய் நின்று ஏமாந்தவர்கள் இங்கே பலர்.

4. எந்தக் காரியத்துக்கு எங்கே போவது? நாற்று, நடுகை, உலர்த்தல் என்றால் மேலே சொன்ன திணைக்களம். வாங்குபவரைத் தேட, வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக, ஏற்றுமதி அபிவிருத்திச் சபை. பிறப்பிடச் சான்றுக்கும், சலுகையில் ஐரோப்பாவுக்குப் போகும் 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்குக்கான ‘ரெக்ஸ்’ என்ற ஏற்றுமதியாளர் பதிவுக்கும் வர்த்தகத் திணைக்களம். பணம் வராமல் போகும் பயத்துக்கு ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம்.

5. அரசாங்கத்திடம் கேட்கும்போது பயிற்சியைக் கேளுங்கள். விலகிய பிரித்தானியாவே தன் சிறு வியாபாரிகளுக்கு 2021இல் 2 கோடி பவுண் ஒதுக்கியது. ஒருவருக்கு 2,000 பவுண் வரை. எதற்கு? சுங்கப் பத்திரமும் பிறப்பிட விதியும் படிக்க, ஆலோசனை பெற. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த உதவி தேவைப்பட்டது என்றால் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை! தமிழில் வகுப்பு வையுங்கள் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

6. பிறப்பிடத்தில் பொய் வேண்டாம். வியட்நாம் மிளகை இங்கே இறக்கி, இலங்கை மிளகு என்று இந்தியாவுக்கு அனுப்பினார்கள் என்ற விவகாரம் நினைவிருக்கும். அப்படி வரும் மலிவு மிளகைத் தடுக்க, 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. லாபம் பார்த்தவர்கள் சிலர். அடி விழுந்தது ஒவ்வொரு கொடிக்கும்.

7. கறுவா செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சிலோன் கறுவா’ என்ற பெயருக்கு ஐரோப்பா 2022 பெப்ரவரியில் புவிசார் குறியீடு கொடுத்தது. பிரித்தானியா அதற்கு முன்பே விலகிவிட்டதால், அந்தப் பாதுகாப்பு லண்டனில் தானாகச் செல்லாது. பொதியில் குறி அச்சிடுமுன் விசாரியுங்கள்.

8. காணி. இதை எழுதும்போது மனம் வலிக்கிறது. நான் கண்ட மிகத் திறமையான மிளகுக் கைகள் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடுகளில் இருக்கின்றன. கொடியின் முகம் பார்த்தே நோய் சொல்லும் பெண்கள் அவர்கள். ஆனால் நடுகை மானியத்துக்குக் காணி உரித்தைக் காட்ட வேண்டும், அவர்களிடம் உறுதி இல்லை. உங்களில் அப்படிப்பட்டவர்கள், பக்கத்துக் காணிக்காரரோடு வாய்ப்பேச்சில் நிற்காமல் குத்தகையை எழுத்தில் முடியுங்கள். உத்தியோகத்தர் அதை ஏற்பாரா என்று முன்பே கேளுங்கள். குத்தகையும் கிடைக்காதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து பச்சை மிளகு வாங்கிக் காயவைக்கலாம். அந்தத் தொழிலுக்கு ஒரு கூரை இருந்தால் ஆரம்பிக்கலாம். லயத்துக் குடும்பங்களுக்கும் மானியம் வேண்டும் என்று திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், கையெழுத்துப் போட வாருங்கள்.