கடன் இன்றி ஒரு காரை வீடு

நல்ல வீடு என்பது பெரிய வீடு அன்று. மழைக்கு ஒழுகாமலும், கோடையில் புழுங்காமலும், கட்டியவரைக் கடனாளியாக்காமலும் நிற்பதே நல்ல வீடு. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனை மனத்தில் இருத்துவது நலம்.

குடிசைவாசிகளுக்காக 2024-இல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு ரூ. 3.50 லட்சம் வகுக்கப்பட்டது. அத்தொகைக்குள் வேலை முடிவதும் முடியாததும், கடைக்கால் தோண்டுமுன் செய்யும் தீர்மானங்களைப் பொறுத்ததாகும்.

மனை: ஓடைப் புறம்போக்கும் ஏரி நீர்ப்பிடிப்பும் வீட்டிற்கு ஆகா. 2024 டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. மலைச்சரிவின் கீழும் மனை கொள்ளலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமையின், மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவர் குறுகும். உள்ளே வெப்பமும் தணியும்.

சுவர்: இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) ஒரு முறையைப் பரப்பினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி இருவரிசையாக அடுக்கி, குறுக்கே கல் வைத்துப் பிணைப்பதே அது. நடுவில் வெற்றிடம் அமைவதால், நூறு கல் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 75 கல் போதும். வெற்றிடத்திலுள்ள காற்று வெயிலையும் தடுக்கிறது. மூலைகளையும் கதவு, சன்னல் ஓரங்களையும் வெற்றிடமின்றிக் கட்டுதல் வேண்டும். அளவு ஒத்த கல்லே இதற்கு ஏற்றது.

கூரை: காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பாரத்தைத் தாங்குவது கம்பியே, அங்குள்ள காங்கிரீட்டிற்கு வேலை குறைவு. ஆகவே கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளைப் பதித்துத் தளம் போடுவதும் பேக்கர் கையாண்ட முறையாகும். காங்கிரீட்டும் மிச்சம், வெப்பமும் குறைவு. ஆயினும் கம்பியின் அளவையும் இடைவெளியையும் பொறியாளரே வகுக்க வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை: இம்முறைகளை ஒன்றியப் பொறியாளரிடம் காட்டி, திட்ட விதிகளுக்கு இசைந்தனவா என்று முதலில் கேட்டறிக. ஊர்க் கொத்தனார்கள் பழகுவதற்கு ஒரு சுவரை மாதிரியாகக் கட்டுவிக்க. பயனாளிகள் பலரும் சேர்ந்து கல்லும் மணலும் வாங்கின் வண்டிச் சத்தமும் குறையும். இவற்றைக் கிராம சபையில் பேசி முடிவு செய்க. குடிசையை விட்டு வெளியேறுபவர் கடனுக்குள் குடிபுகலாகாது.