இடிந்த கோபுரத்தை எழுப்பிய கைகள்

சாஞ்சி ஸ்தூபியைப் பாடத்தில் படிச்சிருக்கோம். அதைப்போல நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் பௌத்தநாத் ஸ்தூபி உள்ளது. உயரம் சுமார் 36 மீட்டர். 1979-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

2015 ஏப்ரல் 25 அன்று அங்கே பெரிய நிலநடுக்கம். அளவு 7.8. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். ஸ்தூபியின் அடிப்பாகம் களத்துல குவிச்ச நெல்லு மாதிரி அகலமா, கனமா இருக்கும். அதனால் அது நின்றுவிட்டது. உச்சியில் இருந்த கோபுரம்தான் விரிசல் விட்டது. அதை இறக்கிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

அரசாங்கப் பணம் வரட்டும் என்று மக்கள் காத்திருக்கவில்லை. பக்தர்கள் நன்கொடை தந்தார்கள். தொண்டர்கள் வேலையில் கைகொடுத்தார்கள். 30 கிலோவுக்கு மேல் தங்கம் பயன்படுத்தப்பட்டது. 2016 நவம்பர் 22-ல் ஸ்தூபி மீண்டும் திறக்கப்பட்டது.

வீடே இல்லாதப்ப ஸ்தூபி எதுக்குன்னு எனக்கும் தோணுச்சு. ஆனால் தினமும் மக்கள் கூடி அதைச் சுற்றி வருவது வழக்கம். துக்கத்தில் இருப்பவங்க நாலு பேரைப் பார்க்க அப்படி ஓர் இடம் வேணும்தானே?

தொண்டர்கள் மட்டும் இருந்தால் போதாது, வேலை தெரிந்தவர்களும் வேணும். நம்ம ஊர்க் குளத்துப் படிக்கட்டு பெயர்ந்து கிடக்குது. கல் வேலையைப் பெரியவங்க, கொத்தனார் பார்க்கட்டும். கரையில் கிடக்கும் குப்பையை நாம அள்ளலாம். சனிக்கிழமை யார் யார் வர்றீங்க?

— 9-ஆம் வகுப்பு மாணவி